உத்திரத்தன்று குடித்த தண்ணீர்

சங்கரன்கோவில்
2-4-1979

சௌபாக்கியவதி முத்துமீனாளுக்கு அப்பா ஆசீர்வாதம். இடது கால் நீங்கலாக நான் இங்கே சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கோமதியும் சுகமா என்று இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் உன் இரண்டு கால்களையும் நன்றாகப் பார்.

மாசிக் கடைசியில் எனக்குக் கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம் வந்தது, நெருப்பை வைத்ததுபோல் எரிச்சல். வாசல் தெளிக்க வரும் பேச்சித்தாய் பார்த்துவிட்டு, கோயில் புத்துமண்ணக் கொழைச்சுப் போடுங்கய்யா, ரெண்டு நாள்ல அமிஞ்சிரும் என்றாள். போட்டேன், கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் காலை விட்டால்தான் கொஞ்சம் இதமாக இருந்தது. மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல்போல ஒன்று தலை நீட்டியது. பிடுங்கப் போனேன். நல்லவேளையாக மலேரியா மருந்து அடிக்கத் தெருவுக்கு வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் கபீர் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுத்திராதீங்க அண்ணாச்சி, இது நரம்புச்சிலந்தி, உள்ள அறுந்துச்சுன்னா காலு சீழ் வச்சிரும் என்றார். அது ஒரு புழு மீனா. இரண்டு முழ நீளம் இருக்குமாம். தீக்குச்சியில் சுற்றி ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைதான் வெளியே எடுக்க வேண்டும். இன்றோடு பதினெட்டு நாள். முப்பது வருஷ தாலுகா ஆபீஸ் வேலையில்கூட நான் இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

படிக்கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறதாம், அதற்குள் இதன் குஞ்சு. குடித்தால் பூச்சி நம் வயிற்றில் செத்துவிடும், குஞ்சு குடலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். ஆண் புழு சீக்கிரம் சாகும். பெண் புழு மட்டும் ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, காலுக்கு இறங்கி, கால் தண்ணீரில் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். நாம் தண்ணீரைத் தேடி ஓடுவதற்குத்தான் அந்த எரிச்சலே. இந்த வீட்டில் ஒண்டிக்கட்டையாகக் கிடக்கிறேன் என்று உனக்கு நான் புலம்பி எழுதிய நாளெல்லாம் இதுவும் என்னோடுதான் இருந்திருக்கிறது. நினைத்தால் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

ஒரு வருசத்துக்கு முன்னால எங்கன தண்ணி குடிச்சீங்கன்னு யோசிங்க என்று கபீர் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது. போன பங்குனி உத்திரத்துக்கு நீயும் குழந்தையும் வந்திருந்தபோது மூன்று பேரும் நம் சாஸ்தா கோயிலுக்குப் போனோமே, அந்தப் படிக்கிணறுதான். நீ செம்பின் வாயில் சேலைத் தலைப்பை நாலாக மடித்துப் போட்டு குழந்தைக்கு வடிகட்டிக் கொடுத்தாய். வடக்க போனதும் நம்ம சாமி தண்ணி ஒனக்கு அழுக்காப் போச்சோ என்று நான்தான் நாலு பேர் முன்னால் கேட்டேன். உன் முகம் சுண்டிப்போயிற்று. என் கையிலிருந்த செம்பை வாங்கி, நான் குடித்த மிச்சத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குடித்தாய். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. மறுவாரம் ரயிலேறினவள் இந்த ஒரு வருஷத்தில் இரண்டே கடிதம் போட்டிருக்கிறாய். கேட்க எனக்கு வாயில்லை.

வடிகட்டிக் குடிச்ச பிள்ளைக்குப் பயமில்ல, மத்தவங்கள்லயும் எல்லாருக்கும் வரணும்னு இல்ல என்கிறார் கபீர். இருந்தாலும் கொப்புளம் கண்டால் கீறாதே, இழுக்காதே. அங்கத்து டாக்டருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம், மாப்பிள்ளையிடம் சொல்லி இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல். காலைக் குளத்திலோ கிணற்றிலோ வைத்துவிடாதே. வாளியில் வைத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டு. அன்றைக்கு நான் பேசியது தப்பு மீனா. அதை எழுத எனக்கு ஒரு புழு வர வேண்டியிருந்தது.

சங்கரநாராயணரும் கோமதி அம்பாளும் உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும். வைகாசி தாண்டிவிட்டால் பயமில்லையாம். என் விலாசம் எழுதி ஒன்பது கார்டு இதோடு வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒன்று. கால் எரியவில்லை என்று மட்டும் எழுதினால் போதும். பத்தாவது கார்டை நீயே வாங்கித்தான் போட வேண்டும். நான் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தியலிங்கம்