நீ கேட்ட கேள்விக்குப் பட்டர்வொர்த் மாடியில் பதில் கிடைத்தது

ஊர் முன்னால் 'என்னங்க', வீட்டுக்குள் என் குணா,

வெளியே நீங்கள், உள்ளே நீ. அதுதானே நம் ஏற்பாடு? இது உள்ளே உட்கார்ந்து எழுதுவது. ஆனால் நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதால் எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டேன், உன் பெயரையும்தான். குணா என்பது உனக்குப் பிடித்திருக்கிறதா? எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல் ஆட்கள் இருக்கிறார்கள்! உலகத்திலேயே இப்படிக் கிறுக்குப் பிடித்த புருஷன் பெண்டாட்டி நாம்தான் என்று, கல்லூரிக் குவார்ட்டர்ஸில் கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு வாழ்ந்தோமே. நம் தீவிலிருந்து ஃபெரியேறிக் கடலைத் தாண்டினால், பட்டர்வொர்த்தில் ஒரு காப்பிக் கடை மாடியில் அவர்கள் மாதாமாதம் கூடுகிறார்கள். மனமொத்து அடி வாங்கப் பிடித்தவர்கள், கொடுக்கப் பிடித்தவர்கள், கயிற்றால் கட்டிப்போடப் பிடித்தவர்கள். எல்லாரும் வேலை வெட்டி உள்ள, வயது வந்த மனிதர்கள்.

சத்தம் வெளியே கேட்காமலிருக்க நாம் டிவியை அலறவிடுவோம், நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு மேரி அக்கா ஒரு நாள் வாசலில் மடக்கினார். "உங்க வீட்ல சீரியல் ஓடுனா எங்க வீட்ல கதை தெரிஞ்சிருது லா. அவ்ளோ சத்தமா வச்சாத்தான் புரியுமா?" நீ வெலவெலத்து நின்றாய். உனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நான்தான் சமாளித்தேன். அன்றிலிருந்து அவர் உன்னிடம் கத்தித்தான் பேசினார். பாவம், கடைசிவரை நீ மறுக்கவே இல்லை.

வேறென்ன செய்வது? ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலே எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிற கல்லூரி. நீ அங்கே கணக்கு விரிவுரையாளர், நான் பரீட்சை ஆபீஸ் கிளார்க். நம் சங்கதி கசிந்திருந்தால் வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்.

ஆனால் உன்னை அரித்தது அந்தப் பயம் இல்லை. பசாரில் கோழி வெட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நீ. நான் ஆசையாகக் கேட்பேன், நீயும் ஆசையாகத்தான் பெல்ட்டை எடுப்பாய். 'போதும்' என்றால் அந்த நொடியே உன் கை நின்றுவிடும். அப்புறம் பார்த்தால், வாங்கிய நான் பாட்டு முணுமுணுத்தபடி அடுப்படியில் நிற்பேன், கொடுத்த நீ கட்டிலில் நடுங்கிக்கொண்டிருப்பாய். "நான் கெட்டவனா?" என்று கேட்பாய். எனக்கும் பதில் தெரியாது. முட்டை போட்டு மேகி கிண்டி, உன் முதுகைத் தடவிக்கொண்டே ஊட்டிவிடுவேன். திடீரென்று நெஞ்சுவலி வந்து நீ போனாய். அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. பதில் தெரியாமலே போய்விட்டாயே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இணையத்தில் தேடித் தேடித்தான் இந்தக் கூட்டத்தைப் பிடித்தேன். நடத்துகிறவர் ஷர்மிளா, பக்கத்திலேயே செபராங் ஜெயாவில் பல் டாக்டர். சிரிக்காதே! முதல் நாள் ஃபெரிக்குக் கிளம்பும்போது மேரி அக்கா பிடித்துக்கொண்டார். யோகா வகுப்பு என்று புளுகினேன். "நல்லது லா. மொதல்ல ஒடம்பு வலிக்கும். அப்பறம் அதுவே சொகமா இருக்கும்," என்றார். ஃபெரி முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ போன பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

இணையத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை கறுப்பில் போயிருந்தேன், கண்ணில் மை வேறு. மாடியேறிப் பார்த்தால், பாத்திக் சட்டை போட்ட ஒருவர் பார்க்கிங் சம்மன் வந்ததைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் பீசாங் கோரெங், அதுதான் நம் வாழைப்பழ பஜ்ஜி, தின்றுகொண்டே தலையாட்டுகிறார்கள். ஷர்மிளா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா அக்கா?" வெட்கத்தில் திரும்பி ஓடலாமென்று இருந்தது. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே தேநீரும் பேச்சும் மட்டும்தான். கேட்காமல் யாரும் யாருடைய கையைக்கூடத் தொடமாட்டார்கள்.

அன்று புதியவர்களுக்கு அவர் சொன்னார்: "முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிரக் கூடாது. கூட ஒக்காரணும், சாப்பிட ஏதாச்சும் குடுக்கணும். வாங்குனவங்களுக்கு மட்டும் இல்ல, குடுத்தவங்களுக்கும் மனசு ஆடிப்போயிரும். அவங்களையும் பாத்துக்கணும். இதுக்குப் பேரு ஆஃப்டர்கேர்."

"இதுக்குப் பேரு வேற இருக்கா?" என்று கத்தியேவிட்டேன். நம் மேகிக்கு இங்கிலீஷ் பெயர், குணா! யாரும் சொல்லித் தராமலே நாம் சரியாகத்தான் செய்திருக்கிறோம். கதையை அவர்களிடம் சொன்னேன். பாத்திக் சட்டைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சார் குடுத்து வச்சவரு," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் ஃபேக்டரி இன்ஜினியர் ஒருவர் மனைவியோடு வந்தார், முப்பது வயதைத் தாண்டியவர். தட்டைத் தொடவில்லை, தலையும் நிமிரவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார். "எனக்கு இது புடிச்சிருக்கு. அவளுக்கும் புடிச்சிருக்கு. ஆனா கை ஓங்குறது நான்தானே? நான் கெட்டவனா?"

உன் கேள்வியேதான், குணா! எல்லாரும் ஷர்மிளாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"போதும்னு சொன்னா நிறுத்துவீங்களா தம்பி?" என்றேன்.

"ஒடனே நிறுத்திருவேன் அக்கா."

"அவங்க கேக்காம எப்பயாச்சும் கை ஓங்கியிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லக்கா!"

மனைவி குறுக்கிட்டார். "நாந்தான் அக்கா கேட்டுக் கேட்டு வாங்குறேன். இவரு ஒவ்வொரு தடவையும் நூறு தடவ கேப்பாரு. எனக்கே போரடிச்சுரும் லா."

மாடியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "அப்ப நீங்க கெட்டவரு இல்ல தம்பி," என்றேன். "எங்க வீட்லயும் உங்கள மாரி ஒருத்தரு இருந்தாரு. அவரு கையவிடப் பத்திரமான எடம் எனக்கு இந்த ஒலகத்துல இல்ல." சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது துக்க அழுகை இல்லை, குணா. இவ்வளவு சுலபமான பதிலா என்கிற சந்தோஷம்.

நீ கெட்டவன் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இது உன் காதில் விழுகிறதா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மாடிக்குத் தலைகுனிந்து ஏறி வருகிற யாரும், இந்தப் பதிலைக் காதால் கேட்காமல் இறங்கிப் போகமாட்டார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

கேட்டதெல்லாம் கிடைத்த,
உன் பெண்டாட்டி