அம்மாவின் வரிசையும் மேல்பாத்திக்காரியும்

அன்பு மகள் நீவெஸுக்கு அப்பா ஃபெர்மோ எழுதுவது. முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம், முழங்காலும் மழை இல்லாத நாளில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சௌக்கியம்தானே, அங்கே இப்போது குளிர்காலம் என்றாய், அதையெல்லாம் குளிர் என்று நம் மலைக்காரர்களிடம் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் இரண்டாவது வார்த்தைக்கே குறுக்கே விழுவாய், காகிதம் என்றால் முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்ச்சில் விடாமல் மழை பெய்ததே, அதில் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய பாத்திகளில், நம் நடுப்பாத்திக்கு மேலே இருந்த கல்சுவர் சரிந்துவிட்டது. சுவிஸ்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட காலத்திலிருந்து சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக நின்ற சுவர், வயிறு தள்ளிக்கொண்டு வந்து அம்மா நட்ட திராட்சை வரிசையின்மேல் விழுந்தது. மேல்பாத்தி யாருடையது என்று உனக்குத் தெரியும். டெல்ஃபீனா, முப்பது வருஷம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாதவள். மேலே இருப்பவர்தான் சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பாள் அம்மா, ஒரு வரிசைக் கொடிக்கு ஆசைப்பட்டு நீங்கள்தான் சுவரின் காலடியைத் தோண்டினீர்கள் என்பாள் அவள். மாதா கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் இரண்டு பேரும் குனிந்து செருப்பைச் சரிசெய்வார்கள். அம்மா போனபின் அந்தச் சண்டையை நீ எடுத்துக்கொண்டாய், அடக்கம் முடிந்து விமானம் ஏறும்போதுகூட "அந்தப் பொம்பளைக்கு ஒரு கல்லக்கூட விட்டுக்குடுக்காதப்பா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய்.

அதனால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அப்படியே கீழே சோந்த்ரியோ நகரத்துக்கு இறங்கி வக்கீலைப் பார்ப்பது என்று கிளம்பினேன். போனால் எனக்கு முன்னால் அவள் சரிந்த சுவரடியில் இருக்கிறாள். செத்துப்போன புருஷனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, வெறும் கையால் கல்லைப் புரட்டுகிறாள். சுவருக்காக அல்ல, அடியில் மாட்டிய அம்மாவின் கொடிகளுக்காக. பாதிக்குமேல் முறிந்துபோயிருந்தன, பிழைத்தவற்றை நிமிர்த்தி, குச்சி ஊன்றிக் கட்டியிருந்தாள். இர்மாவின் கொடியில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று மட்டும் கேட்டேன். "இர்மா எங்கிட்ட பேசலன்னா என்ன, அவ கொடி வெட்டுற கத்தரி சத்தம் கீழருந்து கேக்கும். அது நிக்கிற வரைக்கும் நானும் வேலைய நிறுத்த மாட்டேன். இப்ப மூணு வருஷமா உன் கத்தரிதான் கேக்குது, அதெல்லாம் ஒரு வெட்டா" என்றாள். சொல்லிவிட்டு, "நின்னு வேடிக்கை பாத்தது போதும், அந்தப் பெரிய கல்லப் புடி" என்றாள். பிடித்தேன்.

மே மாதம்வரை பிடித்தேன். தினமும் திட்டுதான், "ஏ ஃபெர்மோ, கல்லுக்கு முகம் எது முதுகு எதுன்னுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் இந்த மலையில இருந்த" என்று. மதியம் அவள் சீஸ் உருக்கிப் போட்ட பிட்சோக்கெரி பாஸ்தா கொண்டுவருவாள், நான் ஒயின் கொண்டுபோவேன். அவள் அதில் முட்டைக்கோஸுக்குப் பதில் கீரை போடுகிறாள், அது தப்பு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன், ஆனால் பாத்திரத்தில் மிச்சம் வைக்கவில்லை. கீழே விழுந்த கற்கள் போதாமல் நம் களத்தில் கிடந்த கற்களையும் சேர்த்துக் கட்டினோம், இப்போது அது யார் சுவர் என்று எந்த வக்கீலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மதுக்கடைக்காரன் ப்ரிமோ சும்மா இருப்பானா, "சுவர் யாரோடதுன்னு முடிவாச்சா, இல்ல சுவரே உங்க ரெண்டு பேருக்கும் முடிச்சு போட்டுருச்சா" என்று ஊர் கேட்கக் கேட்டான். போட்டுவிட்டதுதான், நீவெஸ். அக்டோபரில் அறுவடை முடிந்ததும் டெல்ஃபீனாவைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன். எழுந்து நடக்காதே, உட்கார்ந்து மிச்சத்தையும் படி. உன் அம்மாவை நான் மறக்கவில்லை, ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவளோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவது பிடித்திருக்கிறது. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

அனுமதி கேட்பது அவள்தான். "அந்தப் புள்ள வந்து இர்மா வரிசையில குலைய அவ கையால அறுக்கட்டும். வரலன்னா சுவரோட நிறுத்திக்குவோம், கல்யாணம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை, கிட்டத்தட்ட உன் அம்மா மாதிரியே. பிழைத்த கொடிகளில் குலை பிடித்திருக்கிறது, கொஞ்சம்தான், நல்ல குலை. அதில் எங்கள் இரண்டு பேர் கையும் படாது. நீ வருவாய் என்று அவளிடமும் பாதிரியாரிடமும் சொல்லிவிட்டேன், என் மகளை எனக்குத் தெரியாதா.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். அடக்கத்துக்கு வந்தபோது அம்மாவின் கத்தரியை எடுத்துக்கொண்டு போனாயே, அதை மறக்காமல் கொண்டுவா. கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் வை. மேல்பாத்தியில் ஒருத்தி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள்.

உன் அப்பா,
ஃபெர்மோ