கேசட்டில் திணித்த காகிதம்

டீச்சர், நீங்கள் கண்மூடி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். எனக்கு நேற்றுதான் தெரிந்தது. காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பீரோவைக் குடைந்து அந்தக் கேசட்டை எடுத்துவிட்டேன். விளிம்பு ஓட்டைகளில் நாம் திணித்த காகிதம் பழுப்பேறி இன்னும் இருக்கிறது.

ஆவடியில் நம் பள்ளிக்கு டேப்ரெக்கார்டரும் ஆங்கிலப் பாடக் கேசட்டும் வந்த வருடம். அதில் பேசிய வெள்ளைக்கார அம்மாளுக்கு இரண்டாம் வகுப்பு வாயே திறக்கவில்லை. "எனுக்கே புரியல டீச்சர், புள்ளைங்களுக்கு இன்னா புரியும்?" என்றீர்கள். யாரும் அழித்துப் பதியாமலிருக்க கேசட் விளிம்பில் விட்டிருக்கும் ஓட்டையை அடைத்தால், அதன்மேலேயே உங்கள் குரலைப் பதியலாம் என்று யோசனை சொன்ன மகராசி நான்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல இடம் விட்டீர்கள். "திஸ் இஸ் எ மேங்கோ" என்றபோது பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஊதியது. திங்கட்கிழமை பிள்ளைகள் மேங்கோவும் சொன்னார்கள், ரயிலாகவும் ஊதினார்கள். அந்த வகுப்பு அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

பிறகு பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். பொத்தானை அழுத்தினார். உங்கள் குரல் வந்தது.

"ஆபீஸ் குடுத்த கேசட்டை அழிச்சது யாரு?"

எனக்கு நிரந்தர வேலை. நீங்களோ வேப்பம்பட்டிலிருந்து வந்துபோகும் தற்காலிக டீச்சர். வருகைப் பதிவேட்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். "நான்தான் சார்" என்றீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோடை விடுமுறை முடிந்ததும் உங்களைக் கூப்பிடவில்லை. குப்பையில் போடச் சொன்ன கேசட்டை நான் பையில் போட்டுக்கொண்டேன். ரயிலேறினால் உங்கள் ஊர் எவ்வளவு தூரம்? ஒருநாளும் வரவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன், பயம்தான் டீச்சர்.

இன்றைக்குத்தான் முதன்முறையாகக் கடைசிவரை போட்டுக் கேட்டேன். மேங்கோ, ரயில், அதற்கப்புறம் நிறுத்த மறந்திருக்கிறோம். என் குரல் கேட்கிறது: "யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன் டீச்சர். பயப்படாதீங்க."

அதன்பின் டேப் கொஞ்ச நேரம் சும்மா ஓடுகிறது, பிள்ளைகளுக்கு நீங்கள் விடும் இடம்போல. அந்த இடத்தில், "அடைக்கச் சொன்னது நான்தான் சார்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் ஓட்டி, மறுபடியும் சொன்னேன்.