நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
மெரேசேனி வகானுய்,
செயலாளர், மீன் பதனிடும் தொழிலாளர் சங்கம்,
வைலோலோ துறைமுகம், ஃபிஜி.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
வைலோலோ.

பொருள்: வெள்ளிக்கிழமை சங்க அங்கீகார வாக்கெடுப்பு – கூடத்தின் நாற்காலிகளை அகற்றுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆள் சேரவில்லை என்று அழுத சங்கம் இது. இப்போது ஆள் கூடிவிட்டதே எங்கள் குறை. குறைதான் என்றாலும் மனசு நிறைந்துதான் இதை எழுதுகிறேன்.

1. ஆலையின் முந்நூறு பேரில் பாதிக்கு மேல் ஆதரவு வாக்கு விழுந்தால்தான் நிர்வாகம் எங்களோடு பேச வேண்டிவரும். தங்கள் கூடத்திலோ எண்பது நாற்காலிகள். நாற்காலி கிடைத்தவர்களுக்கே வாக்கு என்கிறது தங்கள் கடிதம். அப்படியானால் எண்ணுவதற்கு முன்பே தோற்றுவிடுவோம்.

2. போன வருஷம் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று சங்கத்தைப் பற்றி முழங்கினேன். கீழே பாயில் இருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டின் மூடும் பிரிவின் லோசலினி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி, உக்காந்து சாப்பிடுறவங்க தலைக்கு மேல நின்னுக்கிட்டு யாரை மிரட்டுற? எறங்கி வா, மொதல்ல கெழங்கைச் சாப்பிடு" என்றாள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேலாக நிற்பது எங்கள் ஊரில் எவ்வளவு மரியாதைக்குறைவு என்பது தாங்கள் அறியாததல்ல. ஆவேசத்தில் எனக்கு அது மறந்துபோயிற்று.

3. அன்றிலிருந்து கூட்டம் என்றால் பாய்தான். ஒவ்வொரு பிரிவும் தன் பாயைக் கொண்டுவரும். நான் குறைவாகப் பேசுவேன், அவர்கள் பேசுவார்கள். ஐஸ் அறையில் விரல் மரத்துப்போகிறது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டோம். கையுறை வந்தது. பல வருஷமாக முகம் கொடுக்காத வெட்டும் பிரிவும் டின் பிரிவும் இப்போது ஒரே பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "தள்ளி உக்காருடி, உன் ஒருத்திக்கே பாதிப் பாய் வேணும்போல" என்று கிண்டலடிக்கிறார்கள். அதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது ஐயா.

4. கூடத்தை நேரில் வந்து பார்த்தோம். நாற்காலிகள் இல்லாவிட்டால் முழங்காலோடு முழங்கால் இடித்தாலும் அனைவரும் அடங்கிவிடுவோம். அவற்றைத் தூக்கி வைப்பதும், பிறகு துடைத்துப் பழையபடி போடுவதும் எங்கள் பொறுப்பு.

ஆகவே நாற்காலிகளை அகற்ற உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விதி இடம் தராதென்றால், அவை உள்ளேயே இருக்கட்டும். வாக்குப்பெட்டியை மட்டும் வெளியே புல்வெளிக்கு அனுப்பிவையுங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை. காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவோம். ஒருவரும் எழுந்து போகமாட்டோம்.

இடம்: வைலோலோ
நாள்: திங்கட்கிழமை, மார்ச் 11

தங்கள் பதிலை நம்பியிருக்கும்,
மெரேசேனி வகானுய்
(வெட்டும் பிரிவு)