பச்சை மஸ்டாங்கும் எழுதாத கலியாணமும்

திங்கள், 3 மார்ச்

விடாத மழை. வேலை முடிஞ்சு நேரே கராஜ். கார்புரேட்டர் கழட்டிக் கழுவினது. மிதவை ஊசி தேஞ்சு போச்சு, புதுசு ஓடர் பண்ணோணும். கை விறைச்சுப் போச்சு. மற்றதெல்லாம் ஒக்டோபரிலையிருந்து விறைச்சுத்தான் கிடக்கு.

வீட்டை வர வாட்ஸப்பிலை ஒரு கடிதப் படம். சுபாவின்ரை தமையன் சுதன் அனுப்பினவன். வாரிசு பற்றி ஜேர்மன் நீதிமன்றம் எழுதினது. மூண்டு தரம் வாசிச்சன். இறந்தவர் சுபா. குடும்ப நிலை: லேடிக். கலியாணம் கட்டாதவவாம். வாரிசுகள் அப்பா, அம்மா. என்ரை பேர் ஒரு மூலையிலையும் இல்லை.

அப்ப அந்த ஐஞ்ஞூறு சனம் மண்டபத்திலை என்னத்துக்கு வந்து சாப்பிட்டது? மூண்டு வருசம் ஒரே வீட்டிலை அவளோடை இருந்தது ஆர்?

நீதிமன்றக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தன். அந்த மனுசி நல்ல மரியாதையாத்தான் கேட்டா: "அப்ப நீங்கள் அவவின்ரை நண்பரோ?"

வைச்சிட்டன்.

புதன், 5 மார்ச்

கார் அவளின்ரை பேரிலை. அதாவது இப்ப மாமா மாமியின்ரை. ஆரும் பேந்து வேறை மாதிரிச் சொல்லாமல் எழுதி வைக்கிறன்.

அவள் செய்தது: என்னைக் காண முந்தியே தேடிப் பிடிச்சது. 68ஆம் ஆண்டு மஸ்டாங், உல்ம் பக்கம் ஒரு விவசாயியின்ரை கொட்டிலுக்கை, வைக்கோலுக்குக் கீழை. தன்ரை காசிலை வாங்கினது. கறள் பிடிச்ச தகரம் வெட்டினது. கடும் பச்சைப் பெயின்ட் முழுக்க. (வாகன பெயின்டர், அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சி முடிச்சவள். மாமாக்கு அது வெக்கம். ஆக்களுக்கு "டிசைன் வேலை" எண்டுதான் சொல்லுறவர்.) டிக்கி மூடி மட்டும் இன்னும் சாம்பல் பிரைமர்.

நான் செய்தது: மோட்டர், கியர், பிரேக், வயரிங்.

ரெண்டு பேருமாச் செய்தது: சண்டை.

பின்னேரம் சுதன் ரெலிபோன் எடுத்தவன். "மச்சான், கோவிக்காதை. காரை விளம்பரத்திலை போட்டிட்டன்."

"ஆரைக் கேட்டுப் போட்டனி?"

"அப்பாட்டைக் கேட்டனான். வீட்டிலை அந்தக் காரைப் பற்றிக் கதைச்சாலே அழுகையாக் கிடக்கு. சட்டப்படி பாத்தா..."

சட்டப்படி. கலியாணத்தண்டு என்ரை காலைக் கழுவி விட்டவன். அதுக்கு நான் போட்டுவிட்ட மோதிரத்தை இண்டைக்கும் விரலிலை போட்டுக்கொண்டு திரியிறான். அண்டைக்குச் சட்டம் எங்கை போனது?

விளம்பரம் பாத்தன். "முடிக்காத வேலை. ஆசைக்காரருக்கு உகந்தது. மரணம் காரணமாக விற்பனை." படங்கள் நான் எடுத்தது. கேக்காமல் எடுத்துப் போட்டிருக்கு. ஒண்டிலை அவளின்ரை வேலைச் சப்பாத்து தெரியுது. அதையெண்டாலும் வெட்டியிருக்கலாம்.

சனி, 8 மார்ச்

தமிழ்க் கடை. அரிசி, பருப்பு, தேயிலை. மரக்கறிப் பெட்டிக்கு அங்காலை நிண்ட ரெண்டு அக்காமார் என்னைக் காணேல்லை.

"பாவம் பெடியன், முப்பத்தொரு வயசுதான்."

"கலியாண எழுத்தும் எழுதேல்லையாம், பதிவே இல்லை. ஒரு வகையிலை நல்லதுதான். புதுசா ஒண்டைக் கட்டேக்கை கரைச்சல் இல்லை."

பருப்பை அங்கையே வைச்சிட்டு வந்திட்டன். நல்லதாம். இவையின்ரை வீட்டிலை ஒருத்தர் செத்தாலும் இப்பிடித்தான் கணக்குப் பாப்பினமோ.

ஞாயிறு, 9 மார்ச்

வெயில். கராஜ் கதவைத் திறந்து விட்டன். வேலை ஓடேல்லை.

எழுத்து ஏன் எழுதேல்லை எண்டதையும் எழுதத்தான் வேணும். என்ரை பிறப்புப் பத்திரம் யாழ்ப்பாணத்திலையிருந்து வரவே ஒரு வருசம். பிறகு மொழிபெயர்ப்பு, அதுக்கு முத்திரை, பிறகு அந்த முத்திரை காணாது எண்டு இன்னொரு முத்திரை. கடைசியா ஓகஸ்டிலை ஒரு வியாழக்கிழமை பதிவுக் கந்தோரிலை டெர்மின், நேரம் தந்தவை. அதே வியாழன் அமெரிக்காவிலையிருந்து காருக்கு மோட்டர் துறைமுகத்துக்கு வந்திட்டுது. நான்தான் ரெலிபோன் எடுத்து டெர்மினை ரத்துச் செய்தனான். சுபா சிரிச்சவள். "எழுத்துக்கு அடுத்த மாசமும் போகலாம். போய் மோட்டரைக் கொண்டு வா."

அடுத்த டெர்மின் பத்து கிழமைக்குப் பிறகுதான் தந்தவை. ஏழாவது கிழமை, வேலையிடத்திலை, தலைக்குள்ளை ரத்தக்குழாய் வெடிச்சு.

பத்து கிழமை. ஒரு கையெழுத்துக்கு. எந்த நாட்டிலை நடக்கும்?

ஆனால் ரெலிபோனைத் தூக்கினது நான்.

சிலிண்டர் பற்றவைக்கிற ஒழுங்கு 1-5-4-2-6-3-7-8. வயர் எல்லாம் திரும்பச் சரி பாத்தன். சரி.

செவ்வாய், 11 மார்ச்

சனிக்கிழமை ஒருத்தர் பாக்க வாறாராம். சுதனுக்குக் கராஜ் திறப்பு வேணுமாம். மோட்டரின்ரை பில் என்ரை பேரிலை, அதைக் கழட்டி எடுக்கப் போறன் எண்டு சொன்னன்.

"மோட்டர் இல்லாத காரை ஆர் மச்சான் வாங்குவான்?"

"அது உன்ரை பிரச்சினை."

வேலையிடத்திலை மோட்டர் தூக்கிற கிரேன் கேட்டிருக்கிறன். மாஸ்டர் ஓம் எண்டிட்டார்.

வெள்ளி, 14 மார்ச்

கிரேன் வந்தது. சங்கிலி, கொழுக்கி எல்லாம் ரெடி. மோட்டரைத் தூக்க முந்தி பொனட்டைக் கழட்டோணும். நாலு போல்ட். ரெண்டு நிமிச வேலை.

பொனட்டுக்கும் மட்காட்டுக்கும் நடுவிலை இடைவெளி நாலு மி.மீ. ரெண்டு பக்கமும், முன்னாலையிருந்து பின்மட்டும். அவள் ஒரு ஞாயிறு முழுக்க நிண்டு பிடிச்சது. "கை வைச்சியோ முறிச்சுப் போடுவன்" எண்டு எனக்குச் சொன்னவள். போல்ட்டை இளக்கினா அது போயிடும். நான் திரும்பப் பூட்டலாம். அவள் வைச்ச மாதிரி வராது.

ஒரு மணித்தியாலம் ஸ்பானரோடை நிண்டன். கிரேனைத் திருப்பிக் குடுத்திட்டு வந்தன்.

சனி, 15 மார்ச்

மாமா, மாமி, சுதன் மூண்டு பேரும் வந்தவை. மாமி இந்தக் கராஜுக்கு வந்தது இதுதான் முதல் தரம்.

வாங்க வந்தவர் ஐம்பது வயசு மதிக்கலாம். தோல் ஜாக்கெட். கையிலை ஒரு காந்தம், பெயின்டுக்குக் கீழை பட்டி வைச்சிருக்கோ எண்டு பாக்க. ஒவ்வொரு இடமாத் தட்டித் தட்டி வந்தார். ஒரு இடத்திலையும் பட்டி அம்பிடேல்லை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரேல்லை. கதவிலை நகத்தாலை ஒரு இழுவை இழுத்தார். "ஹொபி வேலை. இதெல்லாம் சுரண்டி எடுத்திட்டு சிவப்பு அடிப்பன்."

நான் வாயைத் திறக்க முந்தி மாமி சுதனைப் பாத்தா. "என்னவாம்?"

"ஒண்டுமில்லை அம்மா, நிறம் மாத்தப் போறாராம்."

"எனக்கு டொய்ச் பாசை விளங்காதெண்டு நினைச்சியோ? இருபத்தேழு வருசம் முதியோர் இல்லத்துக் குசினியிலை நிண்டனான்."

மாமா கையெழுத்து வைச்சிட்டார். பேனை மாமியிட்டை வந்தது. மாமி வாங்கேல்லை.

"அம்மா, ஒரு கையெழுத்துத்தானே."

"ரெண்டு பேரும் வைக்கோணும் எண்டு கடிதத்திலை கிடக்கு. நானும் வாசிச்சனான்."

"இவ்வளவு தூரம் வந்த மனுசனப்பா," எண்டார் மாமா.

"வந்த வழி தெரியும்தானே. போகட்டும்."

அந்தாள் போன பிறகு மாமி கதவிலை நகம் பட்ட இடத்தைச் சீலைத் தலைப்பாலை துடைச்சா. துடைச்சுக்கொண்டே கதைச்சா, என்னைப் பாக்கேல்லை.

"உமக்காக எண்டு நினையாதையும் தம்பி. டெர்மினைத் தள்ளிப் போட்டது நீர். பிள்ளை எனக்குச் சொன்னவ. நான் மறக்கேல்லை."

"ஓம் மாமி."

"பிள்ளையின்ரை வேலையை ஒருத்தன் சுரண்டுறதைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது. அவ்வளவுதான்."

சுதன் வெளியிலை நிண்டு சிகரெட் பத்தினான்.

திங்கள், 17 மார்ச்

மழை. கார் மாமியின்ரை பேருக்கு மாறுது, மாமாவும் ஓம் எண்டிட்டார். மாமியிட்டை லைசன்ஸ் இல்லை, நான்தான் ஓட்டோணும். காப்புறுதிக்கு அன்ட்ராக் படிவம் நிரப்பினன். ஒரு கேள்வி: வேறை ஆர் ஓட்டுவினம், உரிமையாளருக்கு என்ன முறை? துணைவர், பிள்ளை, மற்றவர். மூண்டு கட்டம்.

மாமிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டன்.

"மருமகன் எண்டு போடும்."

"அப்பிடி ஒரு கட்டம் இல்லை மாமி. மற்றவர் எண்டுதான் கிடக்கு."

அங்காலை மாமியின்ரை குசினியிலை பைப் ஓடுற சத்தம் கேட்டது.

"அப்ப கட்டத்துக்கு வெளியிலை எழுதும்."

எழுதினன். பெரிய எழுத்திலை, பேனையாலை. திருப்பி அனுப்புவாங்கள். அனுப்பட்டும். திரும்பவும் அதைத்தான் எழுதுவன்.