குளிரறையிலிருந்து வந்த நாற்றுகள்

இன்று காலை தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. இந்த மார்கழிக்கு ராஜபாளையத்தில் குளிர் கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்தில் நல்லெண்ணெய் எப்போதும்போல இளகியே இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இந்த இரண்டு பாட்டில்களைத்தானே நீ வகுப்புக்குத் தூக்கி வருவாய்! ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், இருவருக்கும் தாவரவியல்தான். ஆனால் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது உன் பாடம். "இலையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மெல்லிசா கொழுப்புச் சவ்வு இருக்கு. சில பயிருல அது தேங்காயெண்ணெய் மாதிரி, குளிருல இறுகிரும். சிலதுல நல்லெண்ணெய் மாதிரி. அம்புட்டுதான் பாடம், போங்க" என்பாய்.

உனக்கு அது அம்புட்டோடு முடியவில்லை. வத்திராயிருப்பில் உன் அப்பா பாவிய நாற்றங்கால் ஒரு மார்கழியில் வெளுத்துப் போனதை நீ மறக்கவே இல்லை. அதற்காகத்தான் இரண்டு ரக நெல் நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்தோம். மாம்பழ மண்டிக்காரரிடம் கெஞ்சி, சீசன் இல்லாத மாதங்களில் அவருடைய குளிரறையில் ஒரு மூலையை வாங்கினோம்.

முதல் தடவை தட்டுகளை வெளியே எடுத்தபோது எல்லா நாற்றுகளும் பச்சையாகவே இருந்தன. பாவம், குளிர்ந்து கிடக்கின்றனவே என்று நான்தான் நேரே மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் ஒரு ரகம் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. எனக்கு அன்று கிடைத்த ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? ராத்திரி பூரா வெறைச்சுக் கிடந்துட்டு வருதுக. வந்ததும் வேலையப் பாருன்னு வெயில்ல நிறுத்துனா எப்படித் தாங்கும்?"

கோபம் ஆறிய பிறகு நீதான் விளக்கினாய். வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதம் வெயிலில் அன்றாடம் பழுதாகும். அன்றாடம் பழையது விலகிப் புதியது வந்து உட்கார வேண்டும். சவ்வு இறுகிக் கிடந்தால் அது நடக்காது. வெயிலோ நமக்காக நிற்காது. அடுத்த தடவை உன் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து தட்டுகளுக்கு மேல் கட்டினாய். நிழலில் இரண்டு நாள் இருந்ததில் அதே ரகம் பெரும்பாலும் தேறிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். உனக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே போன் செய்தேன். நாற்று ஆய்வின் ரிப்போர்ட் பாதியில் நிற்கிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள், வேலைக்கு வந்தால் நோயை மறந்துவிடுவாய் என்றெல்லாம் அடுக்கினேன். "செத்த நேரம் நிழல்ல இருந்துக்கிறேன் ஏட்டி, பொறவு வாரேன்" என்றாய். நீ வழக்கம்போலக் கிண்டல் செய்வதாக நினைத்து நான் சிரித்தேன். மறுநாள் பஸ் ஏறி வந்துவிட்டாய். படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஃபைலைத்தான் நீட்டினேன்.

ரிப்போர்ட் முடிந்தது. அது முடிந்து இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். நோய் எப்படியும் அப்படித்தான் போயிருக்கும், வேலைக்கு வந்ததால் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை. நாற்றுக்குக் கொடுத்த இரண்டு நாளை உனக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே.

இன்று கல்லூரிக்குத் தாமதமாகத்தான் போனேன். லேப் உதவியாளர் அண்ணன் குளிரறையிலிருந்து தட்டுகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"மாடிக்குக் கொண்டு போகவா டீச்சர்?"

"வேண்டாம்ணே. இங்கனயே இருக்கட்டும்."

வேட்டி இப்போது நைந்து, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது. அதைக் கட்டிவிட்டுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாகவே உடம்பு ஓய்ந்து வருகிறது, மனமும்தான். முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"செத்த நேரம் கழிச்சு வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன். அவரும் சரி என்று போய்விட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று நீ கேட்டதும் இவ்வளவுதானே.