வாளில் பொறித்த எழுத்து

வட்டக்கச்சி,
தை, 1959

அன்பு மனைவி தையல்முத்துவுக்கு,

உன் முழங்கால் நோ குறைந்ததா? நான் நல்ல சுகம். இது எழுத்துப் படித்தபின் நானே எழுதும் முதல் கடிதம். இரண்டு நாள் பிடித்தது.

நேற்று வாசிகசாலையில் ஒரு மந்திரவாதிக் கதையை எல்லோருக்கும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மந்திரவாதி ஒரு நாட்டின் குளத்தை வற்றவைத்துவிடுகிறான். அவனைக் கொல்லும் வாளில் எழுத்துப் பொறித்திருக்கிறது. அதை வாசிப்பவனுக்குத்தான் வாள் உறையைவிட்டு வரும்.

"வெட்டுற வாளுக்கு எழுத்தென்னத்துக்கு, அண்ணை?" என்று பக்கத்துக் காணி வீரகத்தி சிரித்தான். உன் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுபவன் அவன்தான்.

"அது வாளில்லையடா, படிப்பு. அரசாங்கக் கந்தோரிலை கையெழுத்துக்குப் பதிலாப் பெருவிரலை மையிலை அமத்தேக்கை எனக்கு வாற கூச்சந்தான் மந்திரவாதி," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும் அதில் வரும் இளவரசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வயல்காரர்; குளம் நிரம்பியதா என்றுதான் கேட்டார்கள்.

"அப்ப மச்சாளின்ரை கடிதம் வாசிக்க இனி நான் தேவையில்லை," என்றான் வீரகத்தி.

"ஓம், தேவையில்லை," என்றேன்.

அவன் வாசிப்பான் என்றுதானே இவ்வளவு காலமும் மாட்டையும் மழையையும் மட்டும் எழுதினாய்? இனி மனதில் உள்ளதை எழுது. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா கொடுத்துவிடு. தபால்காரன் வந்துவிட்டான். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது.

உன்,
கதிரித்தம்பி